சூரியப் புயல் தென்னையைச் சாய்க்குமா?

கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் குறுவையும் சம்பாவும் சாகுபடி செய்யும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. 2024 மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாள்களில், பூமியைச் சூரியப் புயல் தாக்கியதாகச் செய்தி வந்தது. 2018 நவம்பரில் கஜாவுக்குத் தென்னந்தோப்பைப் பறிகொடுத்தவர் என்பதால், புயல் என்ற சொல்லைக் கேட்டாலே தமக்கு அடிவயிறு கலங்குவதாக எழுதுகிறார். சூரியப் புயலும் அப்படிச் சேதம் செய்யுமா, அந்த ஆண்டின் வெயிலுக்கும் மழை முன்பின்னாவதற்கும் அதுதான் காரணமா, சூரியன் ஒரு தீப்பந்து என்றால் இத்தனை காலம் அணையாமல் எரிவது எப்படி என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை கிடைத்தால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும்.

எரிதல் என்றால் ஒரு பொருள் ஆக்சிஜனோடு கூடுவது. அடுப்பில் விறகும் களத்தில் சருகும் அப்படித்தான் எரிகின்றன. சூரியன் முழுவதும் நிலக்கரியாக இருந்திருந்தால்கூட, இப்போது அது வெளியிடும் ஆற்றலின் அளவுக்கு ஐயாயிரம் ஆண்டு வாக்கில் தீர்ந்துபோயிருக்கும். ஆனால் அதன் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டு. ஆகவே அங்கே நடப்பது எரிதல் அல்ல. சூரியனின் நிறையில் முக்கால் பங்கு ஹைட்ரஜன், ஏறக்குறையக் கால் பங்கு ஹீலியம், மற்ற எல்லாத் தனிமங்களும் சேர்ந்து இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. அதன் நடுக்கருவில், அதாவது மையத்திலிருந்து ஆரத்தில் கால் பங்கு தூரம் வரையிலான பகுதியில், ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பல படிகளில் இணைந்து ஹீலியம் அணுக்கருவாகின்றன. சேர்ந்த பொருளின் எடை, சேருமுன் இருந்த எடையைவிட நூற்றில் 0.7 பங்கு குறைகிறது. குறைந்த அந்தப் பங்குதான் ஆற்றலாக வெளிப்படுகிறது. ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இப்படி மாறுகிறது, அதில் 40 லட்சம் டன்னுக்குச் சற்று மேற்பட்ட நிறை ஆற்றலாகக் கரைகிறது.

இந்த எண்களைக் கேட்டவுடன் நடுக்கருவை ஓயாமல் வெடித்துக்கொண்டிருக்கும் குண்டாகக் கற்பனை செய்யத் தோன்றும். உண்மை நேர்மாறானது. மையத்தில் வெப்பநிலை 1.5 கோடி டிகிரி, அடர்த்தி தங்கத்தைப் போல ஏழெட்டு மடங்கு; அப்படியிருந்தும், அங்கே ஒரு கன மீட்டர் இடத்தில் பிறக்கும் ஆற்றல் முந்நூறு வாட்டைக்கூடத் தொடுவதில்லை. நம் கொல்லையில் நன்றாக மக்கிக்கொண்டிருக்கும் எருக்குழியைக் கிளறினால் ஆவி பறக்கிறதே, அளவுக்கு அளவு பார்த்தால் சூரியனின் மையமும் அந்த எருக்குழியும் ஒரே தரத்தவை. இரண்டு ஹைட்ரஜன் கருக்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால், ஒரு குறிப்பிட்ட கரு இணைவதற்குச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சூரியன் இத்தனை பிரகாசிப்பது அதன் பருமனால், விட்டம் 13.9 லட்சம் கிலோமீட்டர், பூமியைப் போல 109 மடங்கு. அது நீடித்து நிற்பது இந்த மந்தத்தால். தவிர, தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடும் அதற்குள் இருக்கிறது: இணைவு சற்று வேகமெடுத்தால் நடுக்கரு விரிந்து குளிர்கிறது, இணைவு தணிகிறது, மந்தமானால் மேலிருக்கும் எடை அழுத்திச் சூடேற்றுகிறது. இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்கு எரிபொருள் இருப்பு உண்டு.

நடுக்கருவில் பிறந்த ஒளி நேராக வெளியே வந்துவிடுவதில்லை. நடுக்கருவை அடுத்து, ஆரத்தில் 70 சதவீதம் வரை பரவியிருப்பது கதிர்வீச்சு மண்டலம். திருவாரூர் ஆழித்தேர் ஓடும்போது வடம் பிடிக்கும் கூட்டத்தின் நடுவே அகப்பட்டவர் ஓரத்துக்கு வர முயல்வதைப் போல, ஒளித்துகள் இடித்து, திரும்பி, மறுபடி இடித்து, முன்னேயும் பின்னேயும் அலைந்து வெளியேறப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் என்று சொல்லும் கணக்குகளும் உண்டு. அதன்பின் மேற்பரப்பிலிருந்து நம் வயலுக்கு வர அதற்கு 8 நிமிடம் 20 நொடி போதும். இன்று நெற்கதிர் குடிக்கும் வெயிலின் ஆற்றல், இந்த டெல்டாவில் மனிதன் ஏர் பிடிப்பதற்கு வெகு காலம் முன்பே சூரியனுக்குள் பிறந்துவிட்டது.

அடுத்த இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஆழம்தான் இந்தப் பதிலுக்கு முக்கியமானது. அங்கே வாயு ஓரளவு குளிர்ந்து, ஒளியை விழுங்கும் தன்மை கூடிவிடுவதால், கதிர்வீச்சால் மட்டும் ஆற்றலை வெளியே கடத்த இயலுவதில்லை. வாயுவே கொதித்து மேலெழுந்து, சூட்டை இறக்கிவிட்டு, குளிர்ந்து கீழிறங்குகிறது. இதை வெப்பச்சலன மண்டலம் என்பார்கள். நெல் அவிக்கும் அண்டாவில் தண்ணீர் தளதளவென்று குமிழிட்டுப் புரளுவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சூரியனின் முகத்தைத் தொலைநோக்கியில் பார்த்தால் அரிசி மணி பரப்பினாற்போல் தெரிவது இந்தக் கொதிப்பின் மேற்புறமே. ஒவ்வொரு மணியும் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் அகலம், பத்து இருபது நிமிட ஆயுள். கண்ணுக்குத் தெரியும் அந்த மேற்பரப்பை ஒளிக்கோளம் என்கிறோம்; வெப்பம் ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். பரப்பு என்று சொன்னாலும் அங்கே கால் ஊன்ற எதுவும் இல்லை. வாயு ஒளிபுகும் அளவுக்கு நீர்த்துப்போகும் எல்லை அது, அவ்வளவுதான்.

சூரியன் திடப்பொருள் அல்லாததால் ஒரே சீராகச் சுழல்வதும் இல்லை. நடுக்கோட்டுப் பகுதி சுமார் 25 நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது. துருவங்களை ஒட்டிய பகுதிக்கு 35 நாள் வாக்கில் ஆகிறது. இங்குள்ள வாயுவின் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து மின்னூட்டம் பெற்றவை. அத்தகைய வாயு நகரும்போது காந்தப்புலமும் அதோடு ஒட்டிக்கொண்டு இழுபடும். வைக்கோல் பிரி திரித்தவர்களுக்கு இதன் விளைவு தெரியும்: ஒரு முனை நின்று மறுமுனை சுழன்றால் பிரி முறுக்கேறும், அளவுக்கு மேல் முறுக்கினால் நடுவில் மடிந்து கண்ணியாக மேலே துருத்தும். வடக்கு தெற்காகக் கிடந்த காந்தப்புலக் கோடுகள், நடுக்கோடு வேகமாகச் சுழல்வதால் கிழக்கு மேற்காகச் சுற்றப்பட்டு, முறுக்கேறி, கண்ணிகளாக மேற்பரப்பைப் பிளந்துகொண்டு வெளியே வருகின்றன. கண்ணி வெளிவரும் கால் ஒன்று, உள்ளே திரும்பும் கால் ஒன்று என்று இரண்டு இடங்கள். கரும்புள்ளிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாகத் தென்படுவதன் காரணம் இதுவே. பூமியின் காந்தப்புலத்தைப் போலப் பல ஆயிரம் மடங்கு வலிய புலம் அங்கே கொதிப்பைத் தடுத்து நிறுத்துகிறது. கீழிருந்து சூடு வராததால் அந்த இடம் 4,000 டிகிரி வாக்கில் குளிர்ந்து, சுற்றுப்புறத்தை நோக்கக் கருப்பாகத் தெரிகிறது. அதைத் தனியாக எடுத்து இரவு வானில் வைக்க முடிந்தால் கண் கூசும்.

புள்ளிகளின் எண்ணிக்கை ஏறி இறங்குவதை ஜெர்மானியரான ஷ்வாபே 1843இல் அறிவித்தார். சுற்று ஒன்றுக்குச் சராசரியாக 11 ஆண்டு. அவை காந்தத்தின் வேலை என்பதை அமெரிக்காவில் ஹேல் 1908இல் கண்டார். ஒவ்வொரு சுற்றின் உச்சத்தை ஒட்டியும் சூரியனின் வட, தென் காந்தத் துருவங்கள் இடம் மாறுவதால், பழைய நிலைக்குத் திரும்ப 22 ஆண்டு ஆகும். இப்போது நடப்பது 25ஆவது சுற்று. 2019 டிசம்பரில் தொடங்கி, 2024இல் உச்ச காலத்தை எட்டியது. கேள்வி கேட்ட அன்பர் செய்தியில் கண்ட புயல் அந்த உச்சத்தில் வந்ததே.

மழைக்கும் சூரியனுக்கும் முடிச்சுப் போடும் அவருடைய சந்தேகம் நூற்றைம்பது ஆண்டு பழையது. அதற்கு மலைமேல் ஒரு நினைவுச்சின்னமே நிற்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். காவிரிப் பாசனம் இருந்ததால் தஞ்சைப் பகுதி, வானம் பார்த்த வறண்ட மாவட்டங்கள் அளவுக்கு அடிபடவில்லை. அந்த ஆண்டுகளில் கரும்புள்ளிகள் மிகக் குறைந்திருந்தன. சுற்றின் அடிமட்டம் 1878இல் வந்தது. சூரிய நிறமாலையில் புதிய மஞ்சள் கோடு ஒன்றைக் கண்டு, அது ஹீலியம் என்ற அறியாத தனிமத்துக்குரியது என்று சொன்ன நார்மன் லாக்கியரும், இந்திய அரசில் புள்ளிவிவரப் பொறுப்பில் இருந்த ஹண்டரும், புள்ளிகள் குறைந்தால் தென்னிந்தியாவில் மழை குறையும், பஞ்சம் வரும் என்று 1877இல் எழுதினார்கள். வாதம் கவர்ச்சியானது, பஞ்சத்தைப் பதினோரு ஆண்டு முன்பே கணித்துவிடலாம் என்றால் எந்த அரசுதான் காது கொடுக்காது? பருவமழையைப் புரிந்துகொள்ளச் சூரியனை ஆராய வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்று, 1893இல் முடிவெடுக்கப்பட்டு, 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் உருவானது. 1901இல் அங்கே நோக்குதல் தொடங்கிற்று.

பஞ்சத்தின் சூத்திரம் அங்கே கிடைக்கவில்லை. ஒன்றிரண்டு சுற்றுகளை மட்டும் வைத்துப் பார்த்தபோது பொருந்தியது, ஆண்டுகள் கூடக் கூடப் பொருந்தாமல் போனது. நம் மழையைப் பெரிதும் ஆட்டிவைப்பது பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் வெப்பமும் காற்றழுத்தமும் என்பது, இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கரின் ஆராய்ச்சியிலிருந்து படிப்படியாகத் தெளிந்தது. ஆனால் கொடைக்கானலில் தேடாத வேறொன்று கிடைத்தது: 1909இல் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் வெளிர்ந்த ஓரத்தில் வாயு உள்ளிருந்து வெளிப்புறமாக நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதைக் கண்டார். இன்றும் உலகம் முழுவதும் அது எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது. நூறாண்டுக்கு மேலாக நாள்தோறும் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் அங்கே தொடர்ச்சியாக இருப்பது, சூரிய ஆய்வில் உலகில் மிகச் சில இடங்களுக்கே வாய்த்த செல்வம். தவறான கேள்வி சரியான கட்டடத்தைக் கட்டிவிட்ட கதை என்று இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

வெயிலின் கணக்கு இன்னும் நேரடியானது. வளிமண்டலத்துக்கு மேலே, சூரியனை நோக்கிய ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் 1,361 வாட். சுற்றின் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே இது மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. அதிலும் ஒரு வேடிக்கை: புள்ளிகள் மிகுந்த காலத்தில் சூரியன் மங்குவதில்லை, புள்ளிகளைச் சுற்றிப் பரவும் ஒளித்திட்டுகளால் சற்றே கூடுதலாகப் பிரகாசிக்கிறது. இதோடு ஒப்பிட இன்னோர் எண் தருகிறேன். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், மார்கழியின் நடுவில். மிகத் தொலைவில் போவது ஜூலை முதல் வாரத்தில். இந்த நெருக்கத்தால் பூமிக்குக் கிடைக்கும் வெயில் ஏழு சதவீதம் வேறுபடுகிறது. அந்த ஏழு சதவீதம் கூடியிருக்கும்போதுதான் நாம் பனிக்குல்லாய் போட்டுக்கொண்டு திருப்பாவை கேட்கப் போகிறோம். சூரியன் எவ்வளவு உயரத்தில், எத்தனை மணி நேரம் நிற்கிறது, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, கடற்காற்று எப்போது உள்ளே நுழைகிறது என்பவையே நம் வெயிலைத் தீர்மானிக்கின்றன. ஏழு சதவீதத்தையே மறைத்துவிடும் அக்காரணங்களுக்கு முன்னால், கரும்புள்ளிகளின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தஞ்சாவூரில் நின்று உடம்பால் உணர முடியாது. 2024 மே 10, 11 தேதிகளில் வந்த புயல் அக்னி நட்சத்திர நாள்களில் விழுந்தது தற்செயல்.

அப்படியானால் அந்தப் புயல் எதனால் ஆனது? ஒளிக்கோளத்துக்கு மேலே மெல்லிய நிறக்கோளமும், அதற்கு மேல் ஒளிமகுடமும் இருக்கின்றன. முழு கிரகணத்தின்போது கருவட்டத்தைச் சுற்றி வெண்மையாக விரிவது ஒளிமகுடம். 2019 டிசம்பர் 26 அன்று திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் தெரிந்தது வளைய கிரகணம் என்பதால் அது அப்போது தென்படவில்லை. (அன்று கீற்றுக் கொட்டகைகளுக்குள் இருந்தவர்கள், தரையில் வட்டவட்டமாக விழும் ஒளிப்பொட்டுகள் பிறைகளாக மாறியதைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பொட்டுகள் எந்நாளும் சூரியனின் படங்களே; பத்தடி உயரத்துக் கூரை ஓட்டை, ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட சூரியனைத் தரையில் வரையும். சூரியனைப் பார்க்க இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. எக்ஸ்ரே பிலிமும், சாணம் கரைத்த தண்ணீரில் தெரியும் பிம்பமும் கண்ணைக் காக்க மாட்டா.) ஒளிமகுடத்தின் வெப்பம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல். அடுப்பை விட்டு விலகிப் போகப் போகச் சூடு கூடுவது போன்ற இந்தப் புதிரில் காந்தப்புலத்துக்கு முதன்மைப் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. அலைகளா, எண்ணற்ற சிறு வெடிப்புகளா, எது எவ்வளவு சூடேற்றுகிறது என்பதில் விவாதம் தொடர்கிறது. 2018இல் ஏவப்பட்ட பார்க்கர் விண்கலம் 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கிச் சென்றது இதை அறியவும்தான்.

முறுக்கேறிய காந்தக் கண்ணிகள் சில சமயம் அறுந்து, வேறு விதமாக ஒட்டிக்கொள்கின்றன. தேங்கிய ஆற்றல் அப்போது இரண்டு வகையில் வெளியேறும். ஒன்று, எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிருமாகப் பாயும் சூரியக் கிளரொளி. எட்டு நிமிடத்தில் பூமியை எட்டி, மேல்வளிமண்டலத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். மற்றொன்று, காந்தப்புலத்தோடு சேர்த்து நூறு கோடி டன் அளவுக்கு மின்னூட்ட வாயுவை ஒளிமகுடம் வீசியெறிவது. ஒன்று முதல் மூன்று நாளில் அது நம்மை அடையும். இது பூமியின் காந்தப்புலத்தில் மோதி அதை அதிரச் செய்வதே செய்திகள் சொல்லும் சூரியப் புயல். நூறு கோடி டன் என்றாலும், பூமிக்கு வந்து சேரும்போது அது கோடிக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடுவதால், ஒரு கன சென்டிமீட்டரில் சில பத்துத் துகள்களே இருக்கும். நாம் மூச்சு விடும் காற்றில் அதே இடத்தில் இருப்பவை இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். கஜா சாய்த்தது காற்றின் எடையால். சூரியப் புயலோ தரையை எட்டுவதே இல்லை. எட்டினாலும் ஒரு வைக்கோல் துரும்பை அசைக்க அதற்கு வலு கிடையாது. தென்னையைப் பற்றி அன்பர் கவலைப்பட வேண்டாம்.

மின்சாரத்தையும் வானொலி அலைகளையும் நம்பியிருப்பவற்றுக்குத்தான் அது ஆபத்து. 1859 செப்டம்பரின் தொடக்கத்தில் வந்த புயலில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகள் தீப்பொறி கக்கின. பம்பாயின் கொலாபா காந்த ஆய்வகக் கருவியும் அதைப் பதிவு செய்தது. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தார்கள். 2022 பிப்ரவரியில், புதிதாக ஏவிய 49 செயற்கைக்கோள்களில் 38, புயலால் விரிந்த மேல்வளிமண்டலத்தின் இழுவையில் சிக்கி விழுந்தன. 2024 மே புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி வேறு: அமெரிக்காவில் விதைப்புக் காலத்தின் நடுவே, ஜிபிஎஸ் வழிகாட்ட நேர்கோட்டில் ஓடும் டிராக்டர்கள் இடம் தெரியாமல் தடுமாறியதால், பலர் வேலையை நிறுத்திக் காத்திருந்தார்கள்.

நம் பகுதியில் மின்தொகுப்புக்கான அபாயம் துருவத்தை ஒட்டிய நாடுகளைவிடக் குறைவு. ஆனால் பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலம், அதாவது மேல்வளிமண்டலத்தின் மின்னூட்டம் பெற்ற அடுக்கு, புயல் இல்லாத நாளிலேயே கொந்தளிப்பானது. குறிப்பாக, பங்குனி, புரட்டாசி மாதங்களையொட்டி, சூரியன் மறைந்த பிறகு நள்ளிரவு வரை அங்கே பெருங்குமிழிகள் எழுந்து ஜிபிஎஸ் சமிக்ஞையை நடுங்கச் செய்யும். சூரியச் சுற்று உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இது மிகுதி. நாகப்பட்டினத்திலிருந்து இரவில் கடலுக்குப் போகும் மீனவர்களின் கருவி சில நேரம் இடத்தை மாற்றிக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆகவே எல்லைக்கோட்டுப் பக்கம் போகிறவர்கள், அந்த மாதங்களில் கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பிக் கோட்டை ஒட்டி ஓட்டாமலிருப்பது நல்லது.

முன்னறிவிப்பு உண்டா என்றால், ஓரளவு உண்டு. வெடிப்பைக் கண்டதும் ஓரிரு நாள் அவகாசம் கிடைக்கும். ஆனால் வரும் மின்னூட்ட வாயு மேகத்தின் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருந்தால்தான் பூமியின் புலத்தோடு பிணைந்து கடும் பாதிப்பு ஏற்படும், வடக்கு நோக்கியிருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். அந்தத் திசையை உறுதியாக அறிய, மேகம் நம்மிடமிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு வந்து சேர வேண்டும். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6 முதல் அந்த இடத்தைச் சுற்றிவரும் ஆதித்யா எல்1 விண்கலம், தன் ஏழு கருவிகளுள் சிலவற்றால் இதை அங்கேயே அளக்கிறது. அது ஏவப்பட்டபோது அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த நிகர் ஷாஜி. அங்கிருந்து பூமிக்கு மேகம் வர ஒரு மணி நேரம், வேகமானதென்றால் அதிலும் பாதி.

மருந்து தெளிக்க டிரோன் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் போதும். கடும் சூரியப் புயல் என்று அறிவிப்பு வந்த நாளில், டிரோன் வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குப் போகிறது, அல்லது நின்ற இடத்திலேயே நிலைகொள்ளாமல் ஆடுகிறது என்றால், கருவியைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் காலையில் அது தானாகவே சரியாகப் பறக்கும்.